பல்லிக்குப் போன பையன்

"நேற்று நான் பல்லிக்குப் போனேன். மனி அடித்ததும் வகுப்பில் உட்காந்தேன்."

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தமிழ்க் கட்டுரை நோட்டில் இந்த வாக்கியங்களைக் கண்டோம். பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. ஆனால் பல்லிக்கே நேரில் போய் வந்த ஒருவனை அதுவரையில் நாம் கண்டதில்லை. ஆகவே அந்தக் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினோம். நாற்பது பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து நின்றுகொண்டிருந்தான்; நிற்கச் சொன்னவர்களும் நாமே.

இது நடந்தது 2022-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில். அப்போது நமக்குப் பதினெட்டு வருஷ அனுபவம்; பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றும், அதன்மேல் பயிற்சிப் பட்டம் ஒன்றும் உண்டு. இருந்தும், அன்று அந்த வகுப்பில் யாருக்கு அறிவு குறைவாக இருந்தது என்று கேட்டால், நின்றுகொண்டிருந்த பையனுக்கு அல்ல, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நமக்குத்தான் என்று இப்போது ஒப்புக்கொள்ளுகிறோம். இந்தக் கட்டுரையை அதற்கு ஒரு பிராயச்சித்தமாக நேயர்கள் கொள்ளலாம்.

மூன்று தடவை வந்த தாயார்

அந்தப் பையனுடைய தாயார் நம்மைப் பார்க்க மூன்று தடவை வந்தார்.

முதல் தடவை வந்தபோது கண்ணீருடன் வந்தார். "ஸார், வீட்டில் கேட்டால் பாடத்தை ஒரு வார்த்தை விடாமல் சொல்லுகிறான். காகிதத்தைக் கண்டால்தான் இப்படி ஆகிவிடுகிறது. நீங்கள்தான் அவனுக்கு ஒரு வழி காட்ட வேண்டும்" என்றார். நாம் மிகவும் அன்பாகவே பதில் சொன்னோம். "கவனம் போதவில்லை, அம்மா! தினம் பத்துப் பக்கம் எழுதச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றோம். கால் சுளுக்கிக்கொண்டவனைப் பார்த்து, தினம் பத்து மைல் ஓடு என்று வைத்தியம் சொன்ன மாதிரிதான். பையன் இரண்டு மாதம் இரவு பத்து மணி வரையில் உட்கார்ந்து எழுதினான் என்று பிறகு தெரிந்தது. தப்பாகவே எழுதி, அந்தத் தப்பையே மனத்தில் பதிய வைத்துக்கொண்டான்.

காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு இரண்டாந் தடவை வந்தார். அப்போது கோபத்துடன் வந்தார். தமிழில் நூற்றுக்குப் பதினொன்று. "என் பிள்ளையை வகுப்பில் நிற்க வைத்துச் சிரித்தீர்களாமே? இதற்குத்தானா சம்பளம் வாங்குகிறீர்கள்?" என்று தாழ்வாரத்தில் நாலு பேர் பார்க்கக் கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் நியாயத்தை நாலு பேர் முன்னிலையில் கேட்டால் மனிதனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. "இந்தப் பள்ளிக்கூடம் பிடிக்காவிட்டால் வேறு பள்ளிக்கூடம் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டோம். இப்படிச் சொல்ல நமக்குச் சட்டப்படி அதிகாரமே கிடையாது என்பது அன்று நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மூன்றாந் தடவை நவம்பர் மாதத்தில் வந்தார். கண்ணீரும் இல்லை; கோபமும் இல்லை. கையில் ஒரு காகிதம் இருந்தது.

இடையில் என்ன நடந்தது என்று பிற்பாடு அறிந்தோம். அடுத்த வீட்டு அம்மாளுக்குக் காது கேளாத பெண் ஒருத்தி உண்டு. அந்தப் பெண்ணை வட்டார வள மையத்தில் நடந்த முகாமுக்கு அழைத்துப் போனபோது இவரும் துணைக்குப் போயிருக்கிறார். ஆறு வருஷமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய அந்த அடுத்த வீட்டு அம்மாள்தான் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார். "அழுதால் ஆறுதல் சொல்லுவார்கள், சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடுவார்கள். எழுதிக் கொடு, எழுதினதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்" என்பது அவர் உபதேசம். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் நாம் இதைக் கேட்டதில்லை.

அந்தக் காகிதத்தில் இருந்தது

கடிதம் ஒன்றரைப் பக்கம். தலைமை உபாத்தியாயருக்கு எழுதப்பட்டிருந்தது. முதல் பக்கம் முழுவதும் தேதி போட்ட குறிப்புகள். அவற்றுள் இரண்டு இன்னமும் நமக்கு ஞாபகம் இருக்கின்றன. "வீட்டுப் பாடம் பத்து வரி எழுத ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதே பாடத்தை வாயால் சொல்ல நாலு நிமிஷம் ஆயிற்று." "ஒரே பக்கத்தில் 'மழை' என்ற வார்த்தையை மூன்று விதமாக எழுதியிருக்கிறான்."

அவர் நம்மைப் பற்றிப் புகார் ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம், எழுதவில்லை. கடைசி அரைப் பக்கத்தில் மூன்று கோரிக்கைகள் மட்டும் இருந்தன. பையனைச் சிறப்பு உபாத்தியாயர் வந்து பரிசோதிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அது நடக்கும் வரையில் வகுப்பில் அவனை உரக்கப் படிக்கச் சொல்லாமல், பரீட்சைக் கேள்விகளை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தலைமை உபாத்தியாயர், வகுப்பு உபாத்தியாயர், பெற்றோர் எல்லோரும் உட்கார்ந்து, என்ன பலன் கண்டது என்று பேச வேண்டும். அவ்வளவுதான்.

கடிதத்துக்கு ஒரு பிரதியும் கொண்டுவந்திருந்தார். "இந்தப் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஸார்" என்றார். தலைமை உபாத்தியாயர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அதெல்லாம் எதற்கு, அம்மா?" என்றார். "எனக்கு ஞாபக மறதி அதிகம், ஸார்! என்றைக்குக் கொடுத்தேன் என்பதை நான் மறந்துவிடுவேன்" என்றார் அந்த அம்மாள். தலைமை உபாத்தியாயர் நம்மைத் திரும்பிப் பார்த்து, "நீங்களே போட்டுக் கொடுங்கள்" என்றார். போட்டுக் கொடுத்தோம், மனம் இல்லாமல்தான்.

சோம்பல் அல்ல, மந்தமும் அல்ல

ஜனவரி மாதத்தில் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு உபாத்தியாயர் வந்தார். பையனோடு இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கண்ணையும் காதையும் முதலில் பரிசோதிக்கச் சொன்னார். அவற்றில் குறை ஒன்றும் இல்லை. பிறகு மனோதத்துவ நிபுணரிடம் அனுப்பினார். அங்கே முதலில் புத்தியை அளக்கும் பரீட்சை. பிறகு படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைத் தனித் தனியே அளக்கும் பரீட்சை. பின்னதற்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் வகுத்த பரீட்சைத் தொகுதியைச் சர்க்காரே அங்கீகரித்திருக்கிறது. முடிவில் கிடைத்த பெயர், கற்றல் குறைபாடு. படிப்பதில் ஏற்படும் இவ்விதக் குறைபாட்டை டிஸ்லெக்ஸியா என்று சொல்லுவதை நேயர்கள் கேட்டிருக்கலாம். சென்னையில் இதற்காகவே மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் என்னும் சங்கம் 1991-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்டது.

இது ரத்தப் பரிசோதனையில் தெரிகிற வியாதி அல்ல. புத்திக் குறைவும் அல்ல. காதில் விழும் ஒலியைக் கண்ணில் படும் எழுத்தோடு இணைக்கிற வேலை, மற்றவர்களுக்குத் தானாக நடப்பதுபோல் இவர்களுக்கு நடப்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக முயற்சி தேவைப்படுகிறது.

நம்முடைய தமிழையே எடுத்துக் கொள்வோம். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ' என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் காவல். 'ல', 'ள', 'ழ' என்று மூன்று. 'ந', 'ண', 'ன' என்று மூன்று. 'ர', 'ற' என்று இரண்டு. எல்லாப் பிள்ளைகளும் இவற்றில் இடறி விழத்தான் செய்கிறார்கள். விழுந்து எழுந்து ஓடிப் போய்விடுகிறார்கள். ஆகவே, இரண்டாம் வகுப்புக் குழந்தை 'பல்லி' என்று எழுதினால் பெற்றோர் கலவரப்பட வேண்டியதில்லை. எத்தனை சொல்லிக் கொடுத்தும் வருஷக் கணக்கில் அது மாறாமல் இருந்தால், வாயால் சொல்லும் திறமைக்கும் கையால் எழுதும் திறமைக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வார்த்தையை ஊகித்துப் படித்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிட்டால், அப்போது யோசிக்க வேண்டும். சோதனை நாளன்று காலையில் தவறாமல் வயிற்றுவலி வந்தால், அதையும் கணக்கில் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

முத்திரை

சர்டிபிகேட் வாங்குகிற கட்டத்தில் பையனுடைய தகப்பனார் குறுக்கே நின்றார். மளிகைக் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர். "என் பையன் நெற்றியில் குறைபாடு என்று முத்திரை குத்துவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். இது லேசாகத் தள்ளிவிடக்கூடிய வார்த்தை அல்ல. ஊரார் என்ன சொல்லுவார்கள், நாளைக்கு வேலை கிடைக்குமா, கல்யாணம் ஆகுமா என்ற பயமெல்லாம் அதற்குள் இருக்கிறது.

அந்த அம்மாள் நம் எதிரிலேயே பதில் சொன்னார்: "மக்கு என்று முத்திரை குத்தி எட்டு வருஷம் ஆகிவிட்டது. அது பொய் முத்திரை. இது நிஜ முத்திரை. நிஜம் எனக்குப் போதும்."

நாம் தலை குனிந்துகொண்டோம். பொய் முத்திரை குத்தியவர்களுள் நாமும் ஒருவர் அல்லவா?

தகப்பனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் இப்படித்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அடி பொறுக்க முடியவில்லை" என்றார். கடையில் நூறு பேருடைய பாக்கியை மனத்திலேயே வைத்திருக்கிறவர் அவர். சாமான் ஜாபிதா எழுதுவதற்கு மட்டும் ஏன் எப்போதும் ஒரு பையனை வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அன்றுதான் விளங்கிற்று. இந்தக் குறைபாடு குடும்ப வழியாக வருவது உண்டு என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். மறு வாரம் அவரே பையனை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

தயவு அல்ல, உரிமை

பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது, ஏதோ தயவு கேட்க வந்தவர்களைப் போல் நுழைகிறார்கள். அது தவறு. சுதந்திர தேசத்தின் பிரஜை தன் குழந்தைக்குரிய கல்வியைக் கேட்பது யாசகம் அல்ல. சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது அது. அதன் 16-ஆம் பிரிவின்படி, எட்டாம் வகுப்பு முடியும் வரையில் எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கக் கூடாது. 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. நாம் அந்தப் பையனை நிற்க வைத்துச் சிரித்தது இந்த 17-ஆம் பிரிவுக்கு விரோதம். வேறு பள்ளிக்கூடம் பார்க்கச் சொன்னது 16-ஆம் பிரிவின் கருத்துக்கு விரோதம்.

அடுத்தது, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதற்கு முந்தைய 1995-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே சொல்லப்பட்டிருந்தன. இதில் 21 வகை. கற்றல் குறைபாடும், ஆட்டிசமும் இந்தப் புதிய சட்டத்தின் பட்டியலில் இடம் பெற்றவை. சர்க்காருடைய பணமோ அங்கீகாரமோ பெறும் பள்ளிக்கூடங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அதன் 16-ஆம் பிரிவு கூறுகிறது. வித்தியாசம் பாராட்டாமல் சேர்த்துக் கொள்ள வேண்டும். அந்தந்தப் பிள்ளையின் தேவைக்குத் தக்கபடி நியாயமான வசதி செய்து கொடுக்க வேண்டும். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரத்தில் கண்டுபிடித்துத் தக்க முறையில் உதவ வேண்டும். பிள்ளையின் முன்னேற்றத்தைக் கவனித்து வர வேண்டும். 17-ஆம் பிரிவில் பரீட்சைக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாவது மூன்றாவது மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

இங்கே ஒரு முக்கியமான சங்கதி. சர்டிபிகேட்டில் 40 சதவிகிதம் இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது என்று சில ஆபீஸ்களில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். 18 வயது வரையில் இலவசக் கல்வி போன்ற சில உரிமைகளுக்கு அந்த 40 சதவிகிதக் கணக்கு உண்டு என்பது மெய்தான். ஆனால் நியாயமான வசதி செய்து தரும் கடமைக்கு அந்த எல்லை கிடையாது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் கஷ்டமுள்ள ஓர் இளைஞர், சர்க்கார் உத்தியோகப் பரீட்சையில் தாம் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்ட வழக்கில், 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நம் இனத்துக்குத் துரோகம் செய்தவர்களாவோம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடும் உபாத்தியாயர் ஒருவரே எல்லாவற்றையும் செய்ய முடியாது. சிறப்பு உபாத்தியாயர்கள் வேண்டும். ஆரம்ப வகுப்புகளில் இத்தகைய பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பு உபாத்தியாயர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு விகிதம் வகுத்தது. அதற்கான உத்தியோகங்களை ஏற்படுத்தும்படி 2025 மார்ச்சில் ராஜ்ய சர்க்கார்களுக்கு மறுபடியும் உத்தரவிட்டது. மறுபடியும் உத்தரவிட வேண்டி வந்ததிலிருந்தே நிலைமையை ஊகித்துக் கொள்ளலாம்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

நாம் கண்ட அனுபவத்திலிருந்து சில யோசனைகள்.

முதலில், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். குழந்தை எதில் திணறுகிறது, எதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது என்பதைத் தேதியுடன் குறியுங்கள். "எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லுவதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். "ஒன்றேகால் மணி நேரம்" என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது, எழுத்தில் கேளுங்கள். ஒரு பிரதியில் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். பள்ளிக்கூடத்தில் வாய்மொழியாக ஏதாவது ஒப்புக்கொண்டால், அன்று மாலையே, "இன்று இன்னின்னபடி பேசிக்கொண்டோம், மிகவும் வந்தனம்" என்று நாலு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

மூன்றாவது, கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். "என் குழந்தையைக் கொஞ்சம் கவனித்துக் கொள்ளுங்கள்" என்றால், "ஆகட்டும்" என்பார்கள், அத்துடன் தீர்ந்தது. முன் பெஞ்சியில் இடம், கேள்வித் தாளைப் படித்துக் காட்டுதல், எழுத்துப் பிழைக்கு மார்க்குக் குறைக்காமை, பாடத்தைப் பாதி வாய்மொழியாகக் கேட்டல், வாரத்தில் இத்தனை மணி சிறப்பு உபாத்தியாயரின் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். குழந்தைக்கென்று தனிக் கல்வித் திட்டம் ஒன்றை எழுதித் தரும்படியும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை உங்களுடன் உட்கார்ந்து சரிபார்க்கும்படியும் கேளுங்கள். அமெரிக்காவில் பெற்றோர் சங்கம் ஒன்று பென்ஸில்வேனியா ராஜ்யத்தின் மேல் 1971-இல் வழக்குத் தொடர்ந்தது. அதையும் அது போன்ற வழக்குகளையும் ஒட்டி 1975-இல் அந்தத் தேசத்தில் சட்டம் வந்தது. தனிக் கல்வித் திட்டம் வகுக்கும்போது பெற்றோரும் கூட இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விதிக்கிறது. நம் சட்டம் அவ்வளவு விரிவாகப் பெற்றோருக்கு நாற்காலி போடவில்லை. ஆகையால் நாமே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

நான்காவது, பொதுப் பரீட்சைச் சலுகைகளுக்குக் கடைசி மாதத்தில் ஓடாதீர்கள். நம் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கும் கிடைக்க இடமுண்டு. ஆனால் சர்டிபிகேட்டுடன் தலைமை உபாத்தியாயர் மூலமாக முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்களைத் தயார் செய்துவிடுவது உத்தமம்.

ஐந்தாவது, தனியாகப் போகாதீர்கள். சர்க்கார் பள்ளிக்கூடங்களிலும், உதவி பெறும் பள்ளிக்கூடங்களிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதன் அங்கத்தினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூட்டத்தில் இந்த விஷயத்தைப் பேசுங்கள். உங்கள் குழந்தையைப் போல் இன்னும் நாலு குழந்தைகள் அதே பள்ளிக்கூடத்தில் இருப்பது அப்போது தெரியவரும்.

ஆறாவது, குழந்தையைக் கேளுங்கள். எல்லோரும் கூடி அதன் தலைவிதியை நிர்ணயிக்கும்போது, அதைத் தவிர மற்ற எல்லோரும் பேசுவது வழக்கம். நம் பையனுக்கு மொழிப் பாட விலக்குக் கேட்கலாமா என்று நாங்கள் பெரியவர்கள் தர்க்கம் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் அவனையே கேட்டோம். "வேண்டாம், ஸார்! கேள்வியைப் படித்துக் காட்டினால் போதும். தமிழ் எனக்குத் தெரியும், எழுதத்தான் தெரியாது" என்றான்.

இல்லை என்று சொன்னால்

ஒரு மாதம் பொறுத்தும் பதில் வராவிட்டால், கையெழுத்து வாங்கிய பிரதியின் நகலை வைத்து மேலே எழுதுங்கள். வட்டாரக் கல்வி அலுவலகம், பிறகு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் என்று படிப்படியாகப் போகலாம். சிறப்பு உபாத்தியாயர் எத்தனை பேர், உங்கள் மனுவின்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பவற்றை 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி ராஜ்யத்துக்கு ஒரு மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை வரவழைக்கவும், தஸ்தாவேஜுகளைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு, எல்லா உபாத்தியாயர்களும் சத்துருக்கள் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். நம்மில் பலர் கல்நெஞ்சர்கள் அல்ல, தெரியாதவர்கள். முதல் கடிதத்தை, தெரியாதவருக்குத் தெரிவிக்கும் பாவனையிலேயே எழுதுங்கள். இரண்டாவது கடிதத்தின் தொனி, முதல் கடிதத்துக்குக் கிடைத்த பதிலைப் பொறுத்தது.

பின்பு நடந்தது

2025-ஆம் வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அந்தப் பையன் தனி அறையில் உட்கார்ந்து விடைகளைச் சொன்னான், ஒருவர் எழுதிக்கொண்டார். ஜில்லாவில் முதலாவதாக வந்தான் என்று எழுதினால் கதைக்கு நன்றாயிருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எல்லாப் பாடங்களிலும் தேறினான். தமிழில் 58. பதினொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்த தூரம் எவ்வளவு என்பது அவனுக்கும், அவனுடைய தாயாருக்கும் தெரியும். நமக்கும் கொஞ்சம் தெரியும். இப்போது மேல் வகுப்பில் படிக்கிறான். 'பள்ளி' என்று எழுதச் சொன்னால் இன்னமும் அரை நிமிஷம் யோசிக்கிறான். ஆனால் வயிற்றுவலி நின்றுவிட்டது.

பரீட்சை முடிவு வந்த அன்று அந்த அம்மாள் கற்கண்டு கொண்டுவந்து கொடுத்தார். கூடவே அந்தப் பழைய பிரதியையும் எடுத்துக் காட்டினார். மடித்த இடங்கள் கிழிந்து போயிருந்தன. ஆஸ்பத்திரி, கல்வி அலுவலகம் என்று போகிற இடமெல்லாம் அதைத்தான் முதலில் காட்டினாராம். அடியில், மனம் இல்லாமல் கிறுக்கின நம்முடைய கையெழுத்து இருந்தது. பதினெட்டு வருஷமாக மார்க்கு ஜாபிதாக்களிலும் ஆஜர்ப் பட்டியல்களிலும் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்டிருந்தோம். அவற்றில் ஒரு குழந்தைக்கு உபயோகப்பட்டது எது என்று கேட்டால், அதைத்தான் காட்டுவோம்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு தாயார் கண்ணீருடன் வந்தால், நாமே ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். "எழுதுங்கள், அம்மா! இரண்டு பிரதியாக எழுதுங்கள்" என்கிறோம்.